மர அம்பிலிருந்து கார்பன் அம்புக்கா? கொஞ்சம் பொறுங்கள்!

வில்வித்தை வகுப்புக்குப் போகிற பிள்ளை ஒருநாள், "அம்மா, மர அம்பு அடிக்கடி உடையுது. எல்லாரும் கார்பன் வாங்கிட்டாங்க... எனக்கும் வேணும்" என்று வந்து நிற்கும். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மழை, ஈரத்துக்குக் கோணாது, நாள்பட உழைக்கும். ஆனால், கடையில் போய் "கார்பன் ஒரு டஜன்" என்று மட்டும் கேட்காதீர்கள். மரத்தில் செய்த பழைய பாணி ரீகர்வ் வில்லுக்கு அம்பு பொருந்தாவிட்டால் குறி மட்டுமா தப்பும்? வில்லும் கெடும், கையும் கிழியும்!

நாணை விட்டதும் அம்பு நேராகப் பாய்கிறது என்றுதானே நினைக்கிறோம்? நிஜத்தில் அது மீன் மாதிரி நெளிந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய பாணி வில்லில் அம்பு நட்டநடுவில் உட்காராமல் சற்று ஓரமாக உட்காரும். அதனால் இந்த நெளிவு அளவாக இருக்கவேண்டும். அந்த விறைப்பைத்தான் 'ஸ்பைன்' என்கிறார்கள்.

குழப்பமே இங்கேதான். மர அம்பை 26 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். 26-ஐ அது தொய்கிற அங்குலத்தால் வகுத்தால் பவுண்டுக் கணக்கு வரும். கார்பனுக்கோ இடைவெளி 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு. அம்பில் 500 என்று போட்டிருந்தால் அரை அங்குலம் தொய்கிறது என்று அர்த்தம். ஆக, மரத்தில் எண் ஏற ஏற விறைப்பு. கார்பனில் எண் ஏற ஏற இளக்கம். நேர் எதிர்!

கணக்குப் போட்டால் கார்பன் 500, சுமார் 63 பவுண்டு மர அம்புக்குச் சமம். 600 என்றால் 52 பவுண்டு, 700 என்றால் 45, 800 என்றால் 39. பிள்ளை 45 பவுண்டு மர அம்பில் நன்றாக எய்தால், 700-ஐ ஒட்டித் தேடுங்கள். வாங்கியவுடன் வெட்டவேண்டாம். நீளம் குறைந்தால் விறைப்பு கூடும். முனையில் கனம் ஏற்றினால் குறையும். எய்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது எடை. கார்பன் லேசு. ரொம்ப லேசான அம்பை எய்தால், அம்புக்குப் போகவேண்டிய விசை வில்லின் கைகளிலேயே தங்கி அதை அதிர வைக்கும். வெறும் நாணை இழுத்து விடுகிற மாதிரிதான். மர வில்லுக்கு, இழுவிசையில் பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெயின் என்பது நல்ல அளவு. 30 பவுண்டு வில்லென்றால் அம்பு 16 முதல் 19 கிராம். தெரிந்த நகைக்கடைத் தராசில் பழைய மர அம்பை நிறுத்து, புதியதையும் முனைக் கனத்தால் அதே எடைக்குக் கொண்டு வரலாம். அப்படியானால் தண்டு கொஞ்சம் விறைப்பானதாக இருக்கட்டும். அம்பை வில்லின் மேலேயே வைத்து எய்கிறவர்களுக்கு பிளாஸ்டிக் சிறகு வேண்டாம், பறவை இறகுதான் மடங்கிக் கொடுக்கும்.

விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போதே உடைந்து, வில்லைப் பிடித்த கைக்குள் பாய்ந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் எய்யும் முன் தண்டை லேசாக வளைத்து, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். 'கிரிச்' என்றால் முறித்துக் குப்பையில் போடுங்கள். பஞ்சால் தடவினாலும் விரிசலில் நூல் சிக்கும்.

அப்படியும் பாய்ந்துவிட்டால்? ஆழமாக இறங்கியதைப் பிடுங்காதீர்கள். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடைந்த அம்பின் மிச்சத்தையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே எவ்வளவு நின்றிருக்கும் என்று அவருக்குப் புரியும்.