“மவுண்டிங் போயிடுச்சு சார்” என்று சொன்னால், காட்டச் சொல்லுங்கள்

சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் அதிர்கிறது, ஏசி போட்டால் டேஷ்போர்டே நடுங்குகிறது என்று பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், “மவுண்டிங் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்” என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் ஸ்பார்க் பிளக் ஒன்று ஒழுங்காக எரியாததால் வரும் உதறலுக்கும் இதே வைத்தியம் நடக்கிறது. இன்னொரு பக்கம், “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்று கிழிந்த மவுண்டிங்கோடு ஓட்ட விடுகிறார்கள். முன்னதில் பணம் மட்டும்தான் நஷ்டம். பின்னது ஆபத்து. இரண்டில் எது என்பதை உங்கள் கண்ணெதிரே சோதித்துக் காட்ட முடியும். அப்படிக் காட்டாமல் பாகத்தை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலான கார்களில் மூன்று அல்லது நான்கு மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருக்கின்றன. இரும்புப் பிராக்கெட்டுக்கு நடுவே தடித்த ரப்பர். சில மாடல்களில் அதற்குள் திரவமும் உண்டு. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். மேலிருந்து எஞ்சின் ஆயில் சொட்டினால் ஊறி, உப்பி, கொழகொழத்துப் போகும். இந்த ஆயில் கசிவை யாரும் கவனிப்பதே இல்லை. கசிவை நிறுத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அதே கதிக்கு வரும்.

அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளட்சை விடும்போதோ ரிவர்ஸ் போடும்போதோ ‘டொக்’ என்று ஒரு இடி. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் கியர் லீவர் முன்னும் பின்னும் ஆடுவது: இவை மவுண்டிங்கைச் சந்தேகிக்க வைப்பவை. 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் உதறினால் முதலில் வீல் பேலன்ஸிங், டயர். ஐட்லிங்கில் விட்டுவிட்டு உதறி, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தால் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். மாருதி 800, ஆல்ட்டோ போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஐட்லிங்கில் லேசான அதிர்வு பிறவியிலேயே உண்டு. அதைப் பழுதென்று சொல்லி யாரும் உங்களிடம் காசு வாங்க விடாதீர்கள்.

சோதனை எளிது. பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அனுபவமுள்ள ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக, வண்டி நகராத அளவுக்கு விட வேண்டும். பிறகு ரிவர்ஸில். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை விடாமல் டி, ஆர் என்று மாற்றினால் போதும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஞ்சின் சற்றுச் சாய்ந்து பழைய இடத்துக்கு வருவது இயல்பு. ஒரு பக்கம் எழும்பி ‘தொப்’பென்று விழுந்தால் அந்தப் பக்க ரப்பர் விட்டுப்போயிருக்கிறது. அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து எஞ்சினை மெதுவாகத் தாங்கித் தூக்கும்போது ரப்பரில் டார்ச் அடியுங்கள். மேலே முழுசாகத் தெரிந்த ரப்பர், இரும்போடு ஒட்டிய இடத்தில் வாய் பிளப்பது தெரியும். திரவம் உள்ள மவுண்டிங் என்றால் அடியில் கருப்பாக வழிந்த கறை இருக்கும். ஒன்று கிழிந்திருந்தால் அதன் பாரத்தை மற்றவை சுமந்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்; ஆனால் பார்க்காமலே செட்டாக மாற்றத் தேவையில்லை.

அப்படியே ஓட்டினால் என்ன? சைலன்சர் குழாயும் ரேடியேட்டர் ஹோஸும் இழுபடும், ஒயரிங் உரசும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேயும். மோசமான விளைவுக்குச் சரித்திரமே இருக்கிறது. 1965 முதல் 1969 வரையிலான மாடல் செவ்ரோலே வண்டிகளில் மவுண்டிங் அறுந்தபோது எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்தது; ஓட்டுநர் காலை எடுத்தாலும் வேகம் குறையவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1971-ல் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, எஞ்சின் எழும்பாமல் தடுக்க இரும்புக் கம்பிவடம் பூட்டியது. இன்றைய கார்களின் அமைப்பு வேறு. ஆனாலும் கட்டறுந்த எஞ்சின் தன்னோடு பூட்டியதையெல்லாம் இழுக்கும் என்பது மாறவில்லை.

இனி உங்கள் உரிமை. வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். பாகத்தை அதன் பெட்டியோடு பார்த்து, தயாரிப்பாளர் பெயரையும் எம்ஆர்பியையும் சரிபாருங்கள். மலிவான டூப்ளிகேட்டில் ரப்பர் கடினமாக இருந்தால், மாற்றிய பிறகு அதிர்வு கூடவும் செய்யும். பில் கேளுங்கள்: 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஜிஎஸ்டி மிச்சம் என்று துண்டுச்சீட்டில் கணக்கை முடித்துக்கொண்டால், பிறகு பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்கினாலோ, மாற்றியும் குறை தீராமல் கைவிரித்தாலோ, முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவருக்கும் இந்த வழி உண்டு. பாகத்தில் குறையா என்று பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்காகத்தான் கழற்றிய பழைய மவுண்டிங்கையும், தகராறு வந்தால் புதியதையும், ஜாப் கார்டு, பில்லோடு சேர்த்து உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.