பெருந்தொற்றும் பிழைப்பும்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. அடுத்து வந்த ஏப்ரல் திங்களில், இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் கணக்குப்படி, உழைக்க முன்வந்த நூற்றுவருள் வேலையற்றோர் இந்தியாவில் 23.5, தமிழ்நாட்டில் 49.8, சத்தீஸ்கரிலோ 3.4 மட்டுமே! தொழில்வளம் மிக்க நம் மாநிலம் இங்ஙனம் நலிந்தது ஏன்? அவ்வளமே காரணம் என்போம் நாம். திருப்பூர்ப் பின்னலாடையும் ஆம்பூர்த் தோற்காலணியும் ஆலைக்குள் பலர் கூடிச் செய்வன. அயல்நாட்டுக் கொள்முதலைப் பெரிதும் நம்பியவை. வாயிற்கதவை அடைத்ததும் கூலி நின்றது. உழவும் காடும் மிகுந்த சத்தீஸ்கரில் வயலுக்கு வாயிற்கதவு இல்லை.

ஆயினும் இவ்விழுக்காட்டை முற்றும் நம்புதற்கில்லை. வேலை தேடுவோரே இக்கணக்கில் வேலையற்றோர். மேலப்பாளையத்துப் பெண்டிர் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர். இலையும் தூளும் வாராது நின்றபோது அவர்தம் வருவாயும் நின்றது. ஊரடங்கில் வேறு வேலை தேடி எங்குச் செல்வர்? தேடாதவர்க்கு 49.8 என்னும் எண்ணுள் இடமில்லை.