உங்களுக்குத் தெரியுமா? பாப்பா எவ்வளவு சாப்பிட்டது?

தவழும் குழந்தை என்ன சாப்பிட்டது என்று கண்டுபிடிப்பது ஊட்டச்சத்து ஆய்வாளர்களுக்கே பெரும்பாடு. ‘நேற்று என்ன கொடுத்தீர்கள்?’ என்று அம்மாவிடம் கேட்பதுதான் எளிய வழி. ஆனால் கிண்ணத்தில் போட்டது வேறு, வயிற்றுக்குள் போனது வேறு. பாட்டி ரகசியமாக ஊட்டிய பிஸ்கட் எந்தக் கணக்கிலும் வராது!

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களில் இதற்குத் தராசை நம்பினார். பால் மறந்த குழந்தைகள் முன் பல உணவுகளை வைத்து, விரும்பியதைத் தின்னவிட்டார். வைத்ததன் எடையிலிருந்து மிஞ்சியதை மட்டுமல்ல, சிந்தியதையும் எடைபோட்டுக் கழித்தார். வீட்டில் யாருக்கு அந்தப் பொறுமை?

தாய்ப்பாலை எப்படி அளப்பது? பாலூட்டும் முன்னும் பின்னும் குழந்தையை எடைபோடலாம். இரவெல்லாம் குடிக்கும் குழந்தையிடம் இது எடுபடாது. இன்னொரு வழி கொஞ்சம் விசித்திரமானது. தாய் சுமார் 30 கிராம் கனநீர் குடிப்பார். இதில் கதிரியக்கம் இல்லை, பயப்பட வேண்டாம். அதிலுள்ள டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் தாய்ப்பால் வழியாகத்தான் குழந்தைக்குப் போகும். 14 நாட்களில் சிலமுறை இருவரின் உமிழ்நீரையும் சோதித்தால், குழந்தை தினமும் குடித்த பாலின் அளவு தெரியும். பால் தவிர வேறு வழியில் எவ்வளவு நீர் உள்ளே போனது என்பதும் அதே கணக்கில் வெளிப்படும். ஆகவே ‘தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன்’ என்ற பேச்சையும் இது சரிபார்த்துவிடும்.