மார்ச் மாதம் வரைக்கும் ஒரு டீச்சர்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன், நடக்க வராத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜூன் மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன தாய்க்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "இவன யாரும்மா பாத்துக்குவா?" கேட்ட தலைமையாசிரியரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற பள்ளியில் அந்தப் பிள்ளையை யார் கழிப்பறைக்குத் தூக்கிப் போவார்கள்? யார் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்து எழுத வைப்பார்கள்? பாளையங்கோட்டையில் பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. அவை வீட்டை விட்டுப் போய்த் தங்கிப் படிக்கிற இடங்கள். மூளை வளர்ச்சிக் குறைபாடோ பெருமூளை வாதமோ உள்ள பிள்ளை திண்ணையிலேயே வளர்ந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க மத்திய அரசு 1974இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது தொட்ட ஊர்கள் குறைவு. கிராமத்துப் பள்ளி வரை ஆள் வந்து சேர்ந்தது, 2001 வாக்கில் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தோடுதான். முதலில் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை ஒதுக்கினார்கள். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு அது 3,000 ஆனது. அதில் 1,000 ரூபாயாவது சொல்லிக்கொடுக்க ஆள் வைப்பதற்கே செலவாக வேண்டும் என்று விதியும் போட்டார்கள். 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாக மாறியபோது தொகை 3,500 ஆனது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு உதவித்தொகையும் உண்டு.

இன்று இந்தத் திட்டத்தின் வட்டார வள மையத்துக்குப் போனால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மருத்துவ முகாம் நடக்கிறது, அடையாள அட்டைக்கு வழி செய்கிறார்கள், பிசியோதெரபி நடக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். பெற்றோர் வாயில் அவர் 'ஸ்பெஷல் டீச்சர்'. ஒருவருக்குப் பல பள்ளிகள். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் வேறு ஊர், இடையில் பள்ளிக்கே வரமுடியாத பிள்ளைகளின் வீடுகள். தோள்பையில் மணி கோர்க்கும் நூல், படஅட்டை, வண்ண வளையம். விரல் மடங்காத பையனுக்காகப் பென்சிலைச் சுற்றி ஸ்பாஞ்சைக் கட்டித் தடிமனாக்கிக் கொடுப்பார். அதைப் பிடித்து அவன் ஒரு நேர்கோடு இழுக்கவே ஒரு பருவம் ஓடிவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துத் தாய் அழுவதை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மனிதருக்குச் சம்பளம் எப்படி வருகிறது என்பதில்தான் என் மனம் ஆறவில்லை. பிஎட் சிறப்புக் கல்வி படித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் வாங்கியவர் அவர். இருந்தும் அவருக்குத் தொகுப்பூதியம்தான். பணியிடம் என்று அரசாணையில் ஒன்று இல்லை, திட்டம் இருக்கிற வரைக்கும்தான் வேலை. திட்டத்துக்கான பணமோ மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்புதலாகி வருவது. மார்ச் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். 2024-25இல் பிஎம் ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். அந்தச் செப்டம்பரில் சம்பளத்துக்குக் காத்திருந்தவர்களில் இந்த டீச்சர்களும் இருந்தார்கள்.

அதே திட்டப் பணத்தை நம்பி 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 12,500 ஆனது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். ஆள் எடுக்கப் பணம் ஒதுக்குகிற அரசுகள், எடுத்த ஆளை வைத்துக்கொள்ளப் போதிய பணம் ஒதுக்குவதில்லை.

சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் போனால் இழப்பு பெரிது. ஆட்டிசம் உள்ள பிள்ளை புதுமுகத்தை ஏற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், எதைக் காட்டினால் அமைதியாவான் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்காது. போனவரின் தலையோடு போய்விடும். அடுத்தவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். நகரத்துத் தெரபி மையங்கள் கூடுதல் சம்பளம் தந்து கூப்பிடும்போது, வீட்டு வாடகையை நினைத்துப் போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன்.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று அளவு வகுத்து, நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொன்னது. மாநிலங்கள் நகராததால் 2025 மார்ச்சில் மறுபடி தலையிட்டது: பணியிடங்களின் எண்ணிக்கையை அறிவியுங்கள், தொகுப்பூதியத்தில் ஏற்கெனவே இருப்பவர்களைக் குழு அமைத்துப் பரிசீலியுங்கள் என்றது. அந்தப் பரிசீலனையில் சான்றிதழை மட்டும் புரட்டிப் பார்த்தால் போதாது. பத்து, பதினைந்து வருடமாக வெயிலில் பஸ் மாறி மாறி அந்த வீடுகளுக்குப் போன சேவைக் காலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். ஊதிய விகிதத்தை அவர்கள் வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்தே கணக்கிட வேண்டும்.