'இங்க பாருங்கோ' சொல்லாமல் எடுக்கிற படம்

போன எபிசோட்ல போன் கமராக்களைப் பற்றிக் கதைச்சபோது நேரம் போதாமல் விட்ட விஷயம் இது.

இரண்டு வருஷத்துக்கு முந்தி அப்பப்பா காலமானபோது, மரண அறிவித்தலுக்கு ஒரு படம் தேடினோம். என்ர போனில் மட்டும் அவருடைய படங்கள் நூற்றுக்கு மேல். எல்லாத்திலயும் ஆரோ "இங்க பாருங்கோ" என்றதும் விறைச்சுப்போய் நிற்கிற ஒரு மனுஷன். கடைசியில் பாஸ்போர்ட் படத்தைத்தான் போட்டோம். பகிடி விட்டுட்டுத் தானே முதல் சிரிக்கிற அந்த முகம் ஒன்றிலயும் இல்லை.

அதுக்குப் பிறகுதான் அம்மம்மாவை அவர் கமராவைப் பார்க்காத நேரத்தில் எடுக்கப் பழகினேன்.

முதலில் நான் செய்த பிழை, குசினி லைட்டைப் போட்டது. மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் கண்குழியை இருட்டாக்கி, ஆளுக்குப் பத்து வயசு கூட்டிவிடும். போதாததுக்கு யன்னல் வெளிச்சம் நீலம், பல்ப் மஞ்சள். இரண்டும் கலந்தால் முகத்தின் நிறம் கெட்டுப்போகும். இப்ப லைட்டை நிற்பாட்டிவிட்டு, அவர் கீரை ஆயிற கதிரையை யன்னலுக்குப் பக்கவாட்டில் இழுத்துப் போடுறேன். ஒரு கன்னத்தில் வெளிச்சம் விழுந்து மற்றப் பக்கம் மெதுவாக மங்கும். மப்பு மூடின நாள் என்றால் இன்னும் நல்லது.

இன்னொரு சிக்கல் எங்கட நிறம். கமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, பார்க்கிறதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைச்சுக்கொள்ளும். பின்னால் வெள்ளைச் சுவரோ யன்னலோ இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அம்மம்மாவின் முகம் காணாமல் போகும். திரையில் முகத்தைத் தொடுங்கோ, வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கோ. (இது பழைய கதை. 1950களில் இருந்து கோடாக் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க லாப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்ட்'டில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். கூகிள் பிக்சல் 6இல் 'ரியல் டோன்' கொண்டுவந்தது 2021இல்தான்!)

கிட்டப் போகாதீங்கோ. போனின் பிரதான லென்ஸ் அகலமானது, முகத்துக்கு அருகில் பிடிச்சால் மூக்கு பெருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2x போடுங்கோ. ஒரு அடி பக்கத்தில் நகர்ந்தால், தலையில் முருகன் கலண்டர் முளைச்ச மாதிரி வராது. எடுக்கிற நேரம் மட்டும் போனைத் தூக்கினால் ஆள் உசாராகிவிடுவார். நான் முதலே எடுத்து மேசையில் முட்டுக்கொடுத்துப் பிடிச்சுக்கொண்டு, ஊர்க் கதை கேட்பேன். பத்து நிமிஷத்தில் போனை மறந்துபோவார். கதையில் கை ஆட்டத் தொடங்கும்போது வரிசையாகப் பத்துப் படம் எடுப்பேன், ஒன்பது குப்பைக்கு.

மிச்சம் கிராப்பில். கார்ட்டியே-பிரெசோன் கிராப் பண்ணுறதை விரும்பாதவர், ஆனால் அவருடைய 1932ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற சான்-லசார் நிலையப் படமே வெட்டினதுதான். அதனால் பயப்பட வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் கிட்டத்தட்ட 4032×3024. அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினாலும் 2016×1512 மிஞ்சும், 4×6 அங்குலப் பிரிண்டுக்குத் தாராளம். வட்ஸ்அப்பில் வந்த பிரதியை வெட்டாதீங்கோ, அது ஏற்கனவே சுருங்கினது. மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளில் வெட்டினால் கை துண்டான மாதிரி இருக்கும். பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கோ. கீரைக் காம்பு பிடிச்ச விரல்களை நான் வெட்டவே மாட்டேன்.

எடுத்து முடிஞ்சதும் காட்டவேணும், அது கட்டாயம். அம்மம்மா முதலில், "என்னடா, நைட்டியோடயே எடுத்தனீ? அழி!" என்றார். நைட்டி தெரியாமல் தோளுக்கு மேல் வெட்டிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இது பரவாயில்லை. கொப்பருக்குப் போட்ட மாதிரிப் பாஸ்போர்ட் படம் எனக்குப் போடாதீங்கோ. இதைக் குடு."