வரும் ரயில் ஏன் மெதுவாகத் தெரிகிறது?

பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைகளில் விபத்து நடக்கும்போதெல்லாம் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ரயிலைக் கவனிக்காமல் கடந்திருக்கிறார்." சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் ரயிலைக் கண்ட பின்னரும், அதற்குள் கடந்துவிடலாம் என்று கணித்துக் கடப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணிப்பு பிழைப்பதற்கு அவசரமும் அலட்சியமும் மட்டும் காரணமல்ல. மனிதர் அசைவைப் பார்க்கும் விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

கண் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. விழித்திரையில் விழும் விம்பம் நகர்வதையும் பெரிதாவதையும் வைத்தே மூளை வேகத்தை ஊகிக்கிறது. மூளையின் பின்புறத்தில் உள்ள வி5 என்ற பகுதிக்கு இதில் முக்கிய பங்குண்டு.

இரு பக்கமும் இப்பகுதி பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஜேர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் 1983இல் எழுதினார்கள். நிறமும் வடிவமும் அவருக்குத் தெரிந்தன. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதுபோல் இருந்தது. தூரத்தில் கண்ட கார், அவர் வீதியைக் கடக்க முற்படும்போது திடீரென அருகில் நின்றது.

எமக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஆனாலும் நேரெதிரே வரும் ரயிலைப் பார்க்கும்போது நாமும் ஓரளவு அவருடைய நிலைக்கு வந்துவிடுகிறோம். குறுக்கே ஓடும் ரயிலின் விம்பம் விழித்திரையில் நகர்கிறது, அதனால் வேகம் உடனே புரிகிறது. தண்டவாளத்தின் அருகில் நின்று எம்மை நோக்கி வரும் ரயிலைப் பார்த்தால் அந்த நகர்வு அநேகமாக இல்லை. விம்பம் பெரிதாவது மட்டுமே மிஞ்சுகிறது.

அதுவும் சீராகப் பெரிதாவதில்லை. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் ஒரு செக்கனில் 20 மீற்றர் ஓடும். அது 400 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விம்பம் இரு மடங்காக 10 செக்கன்கள் எடுக்கும். அடுத்து இரு மடங்காக 5 செக்கன்கள், அதற்கடுத்து இரண்டரைச் செக்கன்கள். அப்போது ரயில் 50 மீற்றரில் நிற்கும். எம்மை அடைய மீதியிருப்பதும் இரண்டரைச் செக்கன்களே. நாம் முடிவெடுக்கும் முதற் செக்கன்களில் ரயில் அசையாததுபோல் தெரிவது இதனால்தான். இரவில் ஒற்றை முன்விளக்கு மட்டும் தெரியும்போது இந்தச் சிறிய தடயமும் குறைந்துவிடுகிறது.

இதற்கு மேல் இன்னொரு மயக்கமும் உண்டு. பெரிய பொருள் மெதுவாகப் போவதுபோல் தெரியும். தரையிறங்கும் பெரிய பயணிகள் விமானம் மிதந்து வருவதுபோல் தோன்றுவது இவ்வாறே. இதே மயக்கம் ரயில் கடவை விபத்துகளிலும் இருக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் லீபோவிட்ஸ் 1985இல் எழுதினார். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதைக் கணினிக் காட்சிகள் மூலம் சோதித்தார்கள். ஒரே வேகத்தில் வந்தபோதும் காரைவிட ரயில் மெதுவாக வருவதாகவே பார்த்தவர்கள் கணித்தார்கள்.

சிறுவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 2011இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், மணிக்குச் சுமார் 32 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கும் வாகனங்களை ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளால் நம்பகமாகக் கணிக்க முடியவில்லை.

வடக்குக்கு இது வெறும் அறிவியல் தகவல் அல்ல. 1990இல் நின்ற யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே ரயிலைப் பார்க்காமல் வளர்ந்தது. வீடுகளும் ஒழுங்கைகளும் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் பல இடங்களில் இன்றும் தடுப்புப் படலை இல்லை. கடவைக் காப்பாளர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

கடக்கும் ஒருவர் செய்யக்கூடியது எளிது. வேகத்தைக் கணிக்க முயல வேண்டாம். ரயில் தெரிந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கும் "பார்த்துப் போ" என்று சொல்வதைவிட "ரயில் தெரிந்தால் நில்" என்று சொல்லிக்கொடுப்பதே பாதுகாப்பு. ஆனால் கண்ணால் செய்ய முடியாத கணிப்பை மக்களின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட முடியாது. படலையும் மணியும் சிவப்பு விளக்கும் காப்பாளரும் ஒவ்வொரு கடவையிலும் தேவைப்படுவது அதனால்தான்.