கமம் பார்க்கப் போதலும் கமஞ் செய்யப் போதலும்

வன்னிக்குப் போய்வருதல் எம் இளமைக் காலத்தில் உல்லாசப் பயணம் அன்று. தை பிறந்ததும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல ஆனையிறவு கடந்து பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் முரசுமோட்டைக்கும் சென்றமை, அங்கே விளைந்த நெல்லை வெட்டிச் சூடு மிதித்து வீட்டுக்குக் கொணர்வதற்கேயாம். பாய், பானை, லாந்தர், அரிசிப்பை ஆகியவற்றோடு பெரியோர் முன்னே செல்வர். சனி ஞாயிறுகளிற் பிள்ளைகள் புகைவண்டியிலோ லொறியிலோ பின்னே செல்வர். காட்டுத் தடி நட்டுக் கிடுகு வேய்ந்த வாடியே அங்கு வீடு. பன்றியும் யானையும் வாராமல் இரவிற் பரணிலிருந்து காவல் செய்தல் ஆடவர் கடமை. மாடுகளைக் களத்தைச் சுற்றி ஓட்டுதல், சிந்திய கதிர் பொறுக்குதல், வெட்டுவோருக்குத் தேநீர் கொண்டு செல்லுதல் என்பன பிள்ளைகளின் கடமை. களத்தில் நின்று நெல்லை நெல்லென்று சொல்லலாகாது, பொலி என்றே சொல்லல் வேண்டும். தவறினால் தலையில் ஒரு குட்டு விழும்.

அவ்வாறு சென்ற நம்முள் எவரும் நாட்டுப்புற வாழ்க்கையை அனுபவிக்கப் போகின்றோம் என்று எண்ணியதில்லை. எருமைத் தயிரும் தேனும் குளத்து விராலும் உண்டோம் என்பது மெய்யே. ஆயினும் நுளம்புக் கடியும் வைக்கோற் சுணையும் உடலிற் பதிந்த அளவுக்கு நிலவொளி அன்று உள்ளத்திற் பதியவில்லை. பட்டினத்தில் உத்தியோகம் பெற்று மேசைமுன் அமர்ந்த பின்னரே அந்நிலவு அழகு பெற்றது.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த வறிய குடும்பங்கள், பியர் வடிப்பதற்கு வேண்டிய ஹொப் என்னும் கொடியின் பூக்களைப் பறிக்கச் செப்ரெம்பர் மாதத்திற் கென்ற் பகுதிக்குச் சென்று, தோட்டக் குடிசைகளிற் சில கிழமைகள் தங்கிக் கூலி பெற்று மீள்வது வழக்கம். அவர்களுட் பலருக்கு ஆண்டில் வாய்த்த ஒரே விடுமுறை அதுவே. 1950களிலும் 1960களிலும் பூப்பறிக்கும் இயந்திரங்கள் பரவியதும் அப்பயணம் அருகி மறைந்தது. வேலை போகவே விடுமுறையும் போயிற்று. வன்னியில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இங்கே இயந்திரத்துக்கு முன் வேறு பல வந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பெற்று, 1930களிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் ஆரம்பித்தபோது யாழ்ப்பாணத்தில் நிலமின்றி நெருக்குண்டோர் அங்கே காடு வெட்டிக் கழனி செய்தனர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசினர் அனுமதிப்பத்திரம் வழங்கிக் காணி கொடுத்தமை பயிர்செய்வதற்காகவே என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. மலேரியாக் காய்ச்சலோ 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்படும் வரை குடியேறியோரை வருத்திற்று. பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்கள் தோன்றின. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அவ்விளைஞர் கையிற் காசு புழங்கியது. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்படவே அது வற்றிற்று. அப்பாலுள்ள போர்க்காலத்தை விரித்தெழுத இவ்விடம் போதாது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் வீடும் விதைநெல்லும் கறவை மாடும் விட்டுப் பெயர்ந்தனர் என்பதும், மீண்டபின் கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலத்திலன்றிக் காலெடுத்து வைக்க இயலாதிருந்தனர் என்பதும் யாவரும் அறிந்தனவே.

2013இல் யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. அதனோடும் பெருவீதியோடும் புதியதொரு விருந்தினர் வகையும் வரத்தொடங்கியது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கொழும்பிலும் வாழும் நம்மவர், தம் பிள்ளைகளுக்கு வயலைக் காட்டவேண்டும் என்று விரும்புகின்றனர். விருப்பம் உள்ள இடத்தில் வியாபாரம் முளைத்தல் இயல்பு. கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியிற் புலம்பெயர்ந்த தொழிலதிபர் ஒருவரால் உருவாக்கப்பட்ட றீச்ஷா என்னும் பண்ணை, இன்று குடும்பங்கள் பொழுதுபோக்கச் செல்லும் இடங்களுள் நன்கறியப்பட்டது. அதனினும் சிறியனவாய், ஓலைக்குடிலும் மாட்டு வண்டிற் சவாரியும் சிரட்டையிற் கூழும் கொண்டனவாய், வேறு சிலவும் ஆங்காங்கே தோன்றியுள்ளன.

இவற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வெளிநாட்டுப் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருவது. வன்னியின் பெரும் வேளாண்மையாகிய காலபோகமோ புரட்டாதி ஐப்பசி மழையோடு விதைக்கப்பட்டுத் தை மாசியில் வெட்டப்படுவது. சிறுபோகம் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ், அதுவும் இருக்கும் நீரை அளந்து, போகத்துக்கு முன் கூடும் கமக்காரர் கூட்டத்தில் தீர்மானித்த ஏக்கரளவிலேயே செய்யப்படும். எனவே விருந்தினர் வரும் ஆடி ஆவணியில் மானாவாரி வயல்கள் யாவும் வெடித்துக் கிடக்கும். அவர்கள் காண விரும்பும் ஏரும் எருதும் சூடும் தையில் வந்தாலும் கிடையா. உழவு இயந்திரம் உழுகின்றது. அறுவடை இயந்திரம் வெட்டும்போதே நெல்லைப் பிரித்துவிடுகின்றது. ஆகவே காட்சிக்கென்று ஒரு சோடி மாட்டைக் கட்டி வளர்க்கவேண்டியதாகின்றது. அம்மாடுகளுக்கு வேலை யாதெனின், நிழற்படத்துக்கு நிற்றலே.

இதனால் விருந்து விற்பதே பழியென்று நாம் சொல்லவரவில்லை. முன்னரும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் புகையிலையும் பனாட்டும் ஒடியலும் கொண்டுசென்று, நெல்லும் நெய்யும் தேனும் கொண்டுவந்தனர். காசு கைமாறாமையால் அதனை உறவென்றோம். மேலும், இன்றைய கமக்காரன் நிலையையும் பார்த்தல் வேண்டும். எல்லாருடைய நெல்லும் ஒரே மாதத்தில் வீதிக்கு வருகின்றது. விலை விழுகின்றது. உரத்துக்கும் எண்ணெய்க்கும் பட்ட கடனைத் தீர்க்க, ஈரம் காயுமுன்னரே அவன் வியாபாரியிடம் அதனை அளந்து கொடுக்கின்றான். அத்தகையவன் தன் முற்றத்தில் நாலு பேருக்குச் சோறிட்டுக் காசு பெறுவானாயின், அதனை இகழ்தற்கு மாதச் சம்பளம் பெறும் நமக்கு யாது உரிமை?

வினா அதுவன்று. காசு யாரிடம் சேர்கின்றது, நிலம் கமமாகவே இருக்கின்றதா என்பனவே வினாக்கள். இத்தாலி நாட்டார் 1985ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றினர். பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கலாம், ஆனால் அதனைச் செய்பவர் கமக்காரராய் இருத்தல் வேண்டும், பயிர்த்தொழிலே முதன்மையாய் நிற்றல் வேண்டும் என்பது அதன் சாரம். 2006இல் வந்த புதிய சட்டமும் அதனைக் கைவிடவில்லை. பயிர்செய்க என்று பொதுப்பணத்தில் நீர்பாய்ச்சிக் கொடுக்கப்பட்ட வன்னிக் காணிகளுக்கும் இதுபோன்றதோர் அளவுகோல் வேண்டும் என்பது எம் கருத்து. நீச்சற் குளத்துக்கு ஓரத்தில் நாலு கத்தரிச்செடி நட்டால் அது கமமாகாது.

இன்னுமொன்று சொல்லவேண்டும். சொல்லச் சிறிது கூச்சமாகவும் இருக்கின்றது. நாம் வாடியிற் படுத்து நிலாப் பார்த்த காலத்தும் வயலில் வெட்டியோர் நம் குடும்பத்தார் மட்டும் அல்லர். 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர்தப்பி வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியோருட் பலர், சொந்தக் காணியின்றி நம்மவர் வயல்களிற் கூலிக்கு நின்றனர். வயலுக்குப் போதல் என்னும் சொல் அவர்தம் மக்களுக்கு ஏக்கம் தருவதன்று. இன்று ஓலைக்குடிலிற் சிரட்டையைக் கழுவி வைப்போருள் அவர்தம் பேரரும் இருத்தல் கூடும். அவருக்கு அவ்வேலை வயலிற் குனிவதினும் நிழலானது, மாதத்தில் ஒரு நாள் தவறாது சம்பளம் தருவது. நம் ஏக்கத்தைக் கொண்டு அவர் விருப்பத்தை அளத்தல் முறையன்று.

பழைய மாணவருள் வன்னியிற் காணியுடையோர் பலர். அக்காணிகளுட் சில பற்றையாய்க் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குக் கமத்தைக் காட்ட விரும்புவோர், பயிர்செய்பவரிடம் அவற்றைச் சட்டத்துக்கு இசைய ஒப்படைத்து, இயலுமாயின் ஓராண்டேனும் தையிலோ மாசியிலோ வந்துபார்ப்பாராக.

எமக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவரின் உறவினர், கலியாணம் ஒன்றுக்காக மாசியில் ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தனர். மாடு எங்கே என்று பிள்ளைகள் கேட்டனர். கமக்காரர் அறுவடை இயந்திரத்தைக் காட்டினார். ஏமாற்றம் சிறிது நேரமே. சாரதி இருவரையும் தன் அருகில் ஏற்றிக்கொண்டான். பின்னர் அவர்கள் இறங்க மறுத்தனர். இரண்டு மணித்தியாலத்தில் வயல் வெட்டி முடிந்தது. நெல் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிற்று. களமும் இல்லை, சூடும் இல்லை, பொலியென்று சொல்லுவாரும் இல்லை. சுணை மட்டும் பழைய சுணையே. பிள்ளைகள் இரவு முழுவதும் சொறிந்துகொண்டிருந்தனர்.